ஐந்து கராம்புப் பாண்

ஒரு விஷயத்தைப் பாதி மட்டும் படித்தவரோடு ஒரே வீட்டில் இருப்பதைப் போலத் தொல்லை வேறு கிடையாது. முழுவதும் படித்தவர் பேசாமல் இருப்பார். ஒன்றும் படிக்காதவர் கேட்டுக்கொண்டு இருப்பார். பாதி படித்தவர்தான் சாப்பாட்டு மேசையில் வகுப்பு எடுப்பார். எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, புளியந்தீவில் எங்கள் வீட்டில், அந்தத் தொல்லை நான்தான்.

அப்போது வந்தாறுமூலைக் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், கடைசி வருடம். உணவைப் பற்றிய படிப்பு. பட்டம் வாங்க வேண்டும் என்றால் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். தோழிகள் இறாலையும் தயிரையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பாணை, பேக்கரியில் விற்கிற பிரெட்டை, எடுத்தேன். விஞ்ஞான ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். இறால் நாறும், பாண் நாறாது. (அவ்வளவுதான் என்னுடைய தொலைநோக்கு.)

பாண் எப்படிப் பழசாகிறது என்பதுதான் தலைப்பு. தண்ணீர் வற்றிக் காய்வதால்தான் பாண் பழசாகிறது என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், பேக்கரி அடுப்பான போறணையின் சூட்டில் ஊதிப் பஞ்சாகிற மாவு, ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி இறுகத் தொடங்குகிறது. தண்ணீர் பாணுக்குள்ளேயே இருந்தாலும் பாண் விறைக்கும். இதில் பெரிய வேடிக்கை, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் இன்னும் வேகமாக விறைக்கும். திரும்பச் சூடாக்கினால் கொஞ்ச நேரத்துக்கு இளகும்.

இதை நான் அறிந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு துண்டுப் பாண் சாப்பிட்டதில்லை. கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா, பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சாப்பிடப் பழகிக்கொண்டார். அம்மா மட்டும் ஒருநாள் கேட்டா.

"ஏன் புள்ள, பழைய பாணைச் சுட்டா மெதுவாகும் எண்டு கண்டுபிடிக்கத்தான் நாலு வருசமா பஸ்சில போய் வாறியா? எனக்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

அம்மாவுக்கு அறிவியல் விளங்காது என்று நான் மிகவும் இரக்கப்பட்டேன்.

ஆய்வு முறை இதுதான். செவ்வாய்க்கிழமை தொடங்கிச் சனி வரை ஒவ்வொரு நாளும் ஒரே பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்குவேன். அதில் மூன்று தடித்த துண்டுகளை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பேன். மிச்சத்தை வீட்டார் சாப்பிட வேண்டும். (அந்தக் கிழமை முழுவதும் எங்களுக்குப் பாணும் பருப்பும்தான். அப்பா பத்திரிகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.) திங்கட்கிழமை எல்லாத் துண்டுகளையும் கம்பஸுக்குக் கொண்டு போய், ஊசி இறக்கிப் பார்க்கிற ஒரு கருவியில் வைக்க வேண்டும். ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பாண் மெது. அந்தக் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வரிசையில் நின்று நான் பெற்றது திங்கள் காலை ஒன்பது மணி.

"அனிற்றா, இந்தத் திங்களை விட்டீரெண்டா அடுத்த வருசம்தான்," என்று என் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த சேர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் என்றால் தோழிகள் எல்லோரும் பட்டம் வாங்கி வேலைக்குப் போக, நான் மட்டும் அடுத்த பற்ச் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாண் வெட்டுவேன்.

எந்தத் துண்டு எத்தனை நாள் பழசு என்று அடையாளம் வைக்க வேண்டும் அல்லவா? கடதாசி ஒட்டினேன், ஈரத்தில் கழன்றது. பேனையால் எழுதினேன், மை ஊறியது. கடைசியில் எனக்கு ஓர் அபாரமான யோசனை வந்தது. கராம்பு. ஒரு நாள் பழசு என்றால் துண்டின் கரையில் ஒரு கராம்பு. இரண்டு நாள் என்றால் இரண்டு. தினமும் காலையில் பல் விளக்கியதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கராம்பு கூட்டிக் குத்துவேன். நாற்பத்தைந்து கராம்பு போயிற்று. அம்மா இறைச்சிக் கறிக்குக் கராம்பு தேடி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தா.

இந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஞாயிறு காலைப் பூசை முடிய, பதினொரு மணிக்கு. மாப்பிள்ளை பெயர் நெவில், டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். தாய் தகப்பன் பனிச்சங்கேணியில். எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். அதனால் வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பது ஒரு பங்கு, வீட்டைப் பார்ப்பது மூன்று பங்கு. சமைக்கிற குசினி வரைக்கும் வந்து பார்ப்பார்கள். அம்மா புதன்கிழமையே திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டா.

எனக்கு அந்த மாப்பிள்ளையில் ஒரு அக்கறையும் இருக்கவில்லை. என் மனம் முழுக்கப் பதினைந்து துண்டுப் பாணில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா பட்டர் கேக் போட்டா. அம்மாவின் பட்டர் கேக்குக்கு எங்கள் கோயிலில் தனி மரியாதை. புதிதாக வந்த பாதர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததாக அம்மா சொல்லுவா. (பாதர் செபித்திருக்கவும் கூடும்.) அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, எண்ணெய்க் கடதாசி போட்டு, காற்றுப் புகாத பெரிய பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி மூடினா.

சனிக்கிழமை மத்தியானம் நான் என் பாணை மோந்து பார்த்தேன். மீன் மணத்தது. எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, வாவியில் பாதி இருக்கும். எனக்கு உயிர் போய் வந்தது. காற்றுப் புகாத பாத்திரம் உடனே வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று.

நான் செய்ததை இப்போது எழுதவே கை கூசுகிறது. கேக் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் அடுக்கி, மேலே வலை மூடியைக் கவிழ்த்து, பின் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். டின்னுக்குள் என் பாணை அடுக்கி மூடி, 'ஆய்வு. தொடக் கூடாது' என்று எழுதி ஒட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினேன். அம்மா திரைச்சீலை மாட்டுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. அது ஆடி மாதம். கச்சான் காற்று வீசுகிற காலம். காலையில் காயப்போட்ட சீலை பத்து மணிக்கு அப்பளமாகிவிடும். பாண் எப்படி விறைக்கிறது என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்த நான், வெட்டிய கேக்கை ஒரு நாள் முழுவதும் கச்சானுக்கு நேரே வைத்திருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் டின்னைத் திறந்து அன்றைய கராம்பைக் குத்தினேன். பிறகு அறைக்குள் போய்ச் சீலை கட்டத் தொடங்கினேன். வாசலில் வான் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் குசினிக்குள் இருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அம்மா ஒரு துண்டு கேக்கைத் தட்டில் போட்டுப் பார்த்திருக்கிறா. அது எனக்குத் தெரியாது. நான் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நெய் வாசம் வந்தது. அம்மா ஏதோ பலகாரம் பொரிக்கிறா என்று சந்தோசப்பட்டேன்.

"மகள், தேத்தண்ணியக் கொண்டு வாங்க," என்று அம்மா அழைத்த குரலில் தேன் வழிந்தது. வழக்கமாக நான் 'புள்ள', கோபத்தில் 'எடியே'. 'வாங்க' என்றதுமே நான் யோசித்திருக்க வேண்டும்.

தட்டத்தைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனேன். ஐந்து பேர் வந்திருந்தார்கள். நெவில், அவருடைய தாய் தகப்பன், அக்கா, அத்தான். பனிச்சங்கேணியில் இருந்து ஒன்றும் சாப்பிடாமல் பூசைக்குப் போய், நேரே வந்திருக்கிறார்கள். எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது. நடு மேசையில் பெரிய தட்டு நிறையப் பொம்பே டோஸ்ட். முட்டையும் பாலும் சீனியும் அடித்து, பாணைத் தோய்த்து, நெய்யில் பொரிப்போமே, அது.

"இதென்ன, கராம்பெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று நெவிலின் தாய் பல்லில் இருந்து ஒன்றை எடுத்தபடி கேட்டா.

"அது எங்கட குடும்பத்துப் பழக்கம்," என்றா அம்மா, கண் இமைக்காமல்.

தட்டத்தைப் பிடித்தபடியே நான் கராம்புகளை எண்ணத் தொடங்கினேன். நெவிலின் தகப்பன், எனக்கு மாமா, அவருடைய கையில் இரண்டு கராம்பு. அக்காவின் கையில் நான்கு. அத்தான் ஒரு கராம்பை முடித்துவிட்டு மூன்று கராம்பை எடுத்துக்கொண்டிருந்தார். என் ஆய்வின் ஒவ்வொரு நாளும் என் கண் முன்னாலே ஒவ்வொரு வாய்க்குள்ளே போய்க்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா.

"நீ என்ட கேக்கைக் கச்சானுக்குக் குடுத்தாய். நான் உன்ட பாணைப் பொரிச்சன். சரிக்குச் சரி."

தட்டில் கடைசியாக ஒரே ஒரு துண்டு இருந்தது. ஐந்து கராம்பு. செவ்வாய்க்கிழமைப் பாண். நெவில் வெட்கத்தோடு கையை நீட்டி அதை எடுத்து வாய்க்குக் கொண்டு போனார்.

"வையுங்க அத!"

கத்தியது நான்தான். பெண் பார்க்க வந்த வீட்டில், பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம் அதுதான். நெவில் துண்டைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். மாமா தன் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். அப்பா பழக்கதோசத்தில் பத்திரிகையைத் தேடினார். அன்றைக்கு அம்மா அதை ஒளித்து வைத்திருந்தா.

பிறகு நான் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே அழுதேன். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, கராம்பு, ஊசி, மீன் மணம், டின், திங்கள் ஒன்பது மணி, அடுத்த வருடம். பாதியில் மாவு இறுகுவது பற்றியும் விளக்கியதாக ஞாபகம். (பாதி படித்தவர் அழுதாலும் வகுப்பை விடமாட்டார்.)

"அப்ப நாங்க திண்டது அஞ்சு நாள் பாணா?" என்று மாமா கன்னத்தில் ஒதுக்கியதோடு கேட்டார்.

"உங்கட கையில இரிக்கிறது ரெண்டு நாள் மாமா," என்றேன் விம்மிக்கொண்டு.

அவர் நிம்மதியாக விழுங்கினார்.

எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது நெவில் கணக்கு வாத்தியார் குரலில் கேட்டார்.

"நான் முதல் திண்டதில நாலு கராம்பு. எனக்கு அது புதுப் பாண் மாதிரித்தான் இரிந்திச்சு. அத்தான், உங்கட ஒரு கராம்பு எப்பிடி?"

"அதுவும் அப்பிடித்தான். நல்லாத்தான் கிடந்திச்சு."

"அப்ப வித்தியாசம் தெரியல்ல. அதுவும் ஒரு விடைதானே?"

நான் அழுகையை நிறுத்தினேன். என் அறைக்குள் ஒரு கட்டுத் தாள் இருந்தது. சுவை பார்க்கிறவர்கள் மார்க்ஸ் போடுகிற தாள். ஒன்பது என்றால் மிகவும் பிடித்தது, ஒன்று என்றால் வாயில் வைக்க ஏலாது. பிறகு தேவைப்படும் என்று சேர் தந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து, பெண் பார்க்க வந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பேனையோடு கொடுத்தேன். அப்பா அம்மாவுக்கும் கொடுத்தேன். ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த கராம்புகளை எண்ணி எண்ணி, யார் எது சாப்பிட்டார்கள் என்று எழுதினேன். அந்த முன் அறையில் ஏழு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் ஏதோ அரசாங்கப் பரீட்சை நடக்கிறது என்றே நினைத்திருப்பீர்கள்.

மாமா ஒன்பது போட்டார். நெவில் ஒன்பது. அக்கா ஒன்பது, அத்தான் ஒன்பது. அப்பாவும் அம்மாவும் ஒன்பது. பெண் வீட்டில் வைத்து வேறு என்ன போடுவார்கள்?

நெவிலின் தாய், மாமி மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் எடுத்தா. மற்ற எல்லோரும் பேச்சு சுவாரசியத்தில் விழுங்க, மாமி மூன்று துண்டை நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறா. ஒரு கராம்புக்கு ஏழு. மூன்று கராம்புக்கு ஐந்து. ஐந்து கராம்புக்கு மூன்று.

"மூண்டா?" என்று அம்மாவின் வாயில் இருந்து தன்னை அறியாமல் வந்துவிட்டது.

"மனசில பட்டத எழுதச் சொன்னாங்க, எழுதினன்," என்றா மாமி. "வெளிய மொறுமொறு எண்டு நல்லாரிக்கு. உள்ளுக்குப் பழசு பழசுதான். சப்பச் சப்பத் தவிடு மாதிரிக் கிடக்கு. மறுகாத் தேத்தண்ணி குடிச்சாத்தான் இறங்குது." இதையும் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா. பிறகு எழுந்து, வந்த வேலையை மறக்காமல், குசினியைப் பார்க்கப் போனா. பின் அறை ஜன்னலில் இருந்த கேக்கையும் ஒருமுறை தட்டிப் பார்த்ததாகக் கேள்வி.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஊசிக் கருவிக்கு முன்னால் வெறும் கையோடு நின்றேன். சேர் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று புரட்டப் புரட்ட அவருடைய முகம் இருண்டுகொண்டே போயிற்று. என் ஒரு வருடம் அந்த ஒன்பதுகளோடு போய்க்கொண்டிருந்தது. கடைசித் தாளில் நின்றார். இரண்டு தரம் வாசித்தார்.

"மற்ற ஆக்கள் ஒருத்தரும் பாணைச் சாப்பிடயில்ல, மரியாதைதான் சாப்பிட்டிருக்காங்க. இந்த ஒராள்தான் சாப்பிட்டிருக்கிறா. சூடாக்கினா எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது எண்டு சரியாச் சொல்லியிருக்கிறா. யார் இவ?"

"இன்னும் தெரியா சேர். ஒருவேளை எனக்கு மாமியா வரலாம்."

சேர் தலையைத் தாளுக்குள் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு, இந்த நாக்கைத் திரும்பக் கூட்டிவந்து, கண்ணைக் கட்டி, ஒழுங்காக மூன்று தரம் சோதித்தால் பார்க்கலாம் என்று இரண்டு கிழமை, பதினான்கு நாள், தவணை தந்தார். தலைப்பில் 'மீண்டும் சூடாக்கிய' என்று இரண்டு சொல் கூடியது.

போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. மூன்று நாளாக அவர்கள் பக்கமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தொலைபேசி அடித்தது. நெவில்தான்.

"உங்கட பாண் எப்பிடிப் போச்சு?" என்றார்.

சொன்னேன். அரை மணித்தியாலத்தில் மாமியே போன் எடுத்தா. "கண்ணைக் கட்டுறதெண்டா எனக்குத் தலையிடி வரும். பரவாயில்ல, வாறன். உன்ட படிப்பெல்லோ. ஆனா அந்தக் கேக்கைக் கொண்டு வந்திராத புள்ள, என்ட பல்லுக்கு உத்தரவாதமில்ல."

மாமி மூன்று தரம் வந்தா. பனிச்சங்கேணியில் இருந்து பஸ்சில், கண் கட்டுவதற்கு வீட்டில் இருந்தே சுத்தமான துணியும் எடுத்துக்கொண்டு. ஒரு தடவைகூட நாளைப் பிழையாகச் சொல்லவில்லை. நான் அந்த வருடமே பட்டம் வாங்கினேன். அடுத்த தையில் எனக்கும் நெவிலுக்கும் கல்யாணம் நடந்தது. மாமியின் கையெழுத்தோடு என் ஆய்வு இன்றைக்கும் நூலகத்தில் புத்தகமாகக் கட்டப்பட்டு இருக்கிறது.

ஆனால் அந்த மார்க்ஸ் போடுகிற பழக்கம் மாமியை விட்டுப் போகவில்லை. மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவா. என்ன வைத்தாலும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு இலக்கத்தைச் சொல்லுவா. சொதிக்கு ஐந்து. இறால் கறிக்கு ஆறு. ஒருமுறை நான் போட்ட பட்டர் கேக்குக்கு நான்கு. (என் அம்மா அதைக் கேட்டுக் காட்டிய சந்தோசத்தை நான் மறக்கவே மாட்டேன்.) பதினாறு வருடத்தில் ஏழு மார்க்ஸைத் தாண்டியதில்லை. நான் கோபப்பட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், ஒரு பெருநாளில் குசினிக்குள் நின்று அழுதும் இருக்கிறேன். ஆனாலும் மாமியின் ஏழுக்காக ஏங்குவதை மட்டும் விட முடியவில்லை.

போன மழைக்கு மாமிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தாதி சொன்னா. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பாணின் நடுப் பகுதியை மட்டும் எடுத்துச் சுடுபாலில் ஊறவைத்து, சீனி போட்டு, கரண்டியால் ஊட்டினேன். மாமி முழுவதையும் சாப்பிட்டா. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னா.

"ஒன்பது."

நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று நெவிலுக்கு போன் எடுத்து விக்கி விக்கி அழுதேன். அவர் மாமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வந்தார்.

சுகமாகி வீட்டுக்கு வந்த அன்று, வீட்டார் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று, எல்லோருக்கும் முன்னால் மாமியிடம் கேட்டேன்.

"அண்டைக்கு நீங்க ஒன்பது போட்டீங்க மாமி, ஞாபகமா?"

"ஓம் மகள்," என்றா மாமி, என் கையைத் தடவிக்கொண்டு. "அண்டைக்கு நாக்கில ஒரு ருசியும் தெரியல்ல. ஒண்டும் தெரியாம எப்பிடிக் குறைக்கிற? பாவமெல்லோ."

இப்போது எங்கள் வீட்டில் யாராவது என் சமையலைக் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தால், என் மகள் எழுந்து போய் அவர்களுடைய நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.